விளக்கத்தைச் சொல்ல ஓர் ஆள்

மாமல்லபுரம் வருகிறவர்களில் பலர் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறார்கள். காற்று வாங்குகிறார்கள், கடற்கரைக் கோயிலை மேலிருந்து படமெடுக்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். விளக்கம் நிற்கும் அந்தப் பாறை எத்தனை காலமாகக் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் அதைச் சொல்வதுதான் எனக்கு வேலை. உரிமம் பெற்ற மூத்த வழிகாட்டி ஒருவருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். குகைச் சிற்பங்களை அவர் விளக்குவார்; குன்றின் மேற்பகுதி என் பொறுப்பு.

யாரையும் நேராகக் கோபுரத்துக்கு அழைத்துப்போகக் கூடாது என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறது. முதலில் அங்கே நிறுத்தவேண்டும். 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டுமானம். மேலே இருந்த விமானம் இன்று இல்லை. இதற்குப் ‘பழைய லைட் ஹவுஸ்’ என்றும் பெயர் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் விளக்கு இந்தக் கோயிலின் மேல்தான் எரிந்தது. 1887-இல் மாமல்லபுரத்தில் முறையாக விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். பக்கத்தில் நிற்கும் வட்டக் கற்கோபுரம் 1904-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகுதான் கோயில் அந்தச் சுமையிலிருந்து விடுபட்டது.

கோயில் நிழலில் நின்றபடியே இன்னும் பின்னால் போவோம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைப் பேசுகிறது. ஏணி சார்த்திய உயர்ந்த மாடம், மேலே கூரை வேயாத தளம், அதில் இரவில் எரியும் தீ, அதைப் பார்த்துக் கரை சேரும் கலங்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். அந்த நீர்ப்பெயற்று இந்த மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இதைக் கேட்டதும் வெயிலில் முகம் சுளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கடலைத் திரும்பிப் பார்ப்பார்கள். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. இந்தக் கரை தட்டையான மணல்வெளி. கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்குத் தனியாக எடுத்துக்காட்ட இந்தக் குன்றையும் கோயில்களையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ‘ஏழு கோயில்கள்’ என்று அழைத்ததும் கடலிலிருந்து பார்த்துத்தான்.

அதற்குப் பிறகு கோபுரம் ஏறுவோம். குறுகலான படிகள், இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் ஏறவேண்டும். மேலே போனதும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இந்த வெளிச்சம் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?” விளக்கு எல்லாப் பக்கமும் சிதறவிடும் ஒளியைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பட்டகங்கள் வளைத்து, ஒரே திசையில் கற்றையாக அனுப்புகின்றன. பிரான்சு நாட்டு ஃபிரெனெல் 1820-களில் கண்ட வழி அது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் மின்னும் கணக்கு தனித்தனி. இத்தனை விநாடிக்கு இத்தனை மின்னல் என்று எண்ணிப் பார்த்து, எந்தக் கரைக்கு நேரே நிற்கிறோம் என்று மாலுமி தெரிந்துகொள்வார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் இரவில் வந்து எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அப்பா அம்மாவை நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் பேத்தியோடு வந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம், இப்போது கடலில் ஜிபிஎஸ் இருக்கிறதே, இது உங்களுக்கு இன்னும் தேவையா என்று கேட்டேன். “இருக்குது தம்பி. பேட்டரி போயிட்சின்னா? அப்போ இந்த வெளிச்சம்தான் நமக்கு” என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னதையும் சேர்த்தே எல்லோருக்கும் சொன்னேன். இது நினைவுச்சின்னம் மட்டுமல்ல, இன்றும் வேலை செய்கிற விளக்கு என்று புரியவைக்க அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நாடு முழுவதும் 75 கலங்கரை விளக்கங்களில் செய்த சுற்றுலா வசதிகளைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நல்ல காரியம். பூங்காவும் சிற்றுண்டிச்சாலையும் வரட்டும். ஆனால் ஏறுகிறவருக்கு எதன் மேல் ஏறுகிறோம் என்று தெரியாவிட்டால், அது உயரமான இன்னொரு கட்டடம், அவ்வளவுதான். அறிவிப்புப் பலகையால் மட்டும் இதைச் செய்ய முடியாது. கேட்ட கேள்விக்குப் பலகை பதில் சொல்லாது.

கலங்கரை விளக்கத் துறைக்கும் தமிழகச் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மாமல்லபுரம், முட்டம், மணப்பாடு என்று நம் கரையில் விளக்கு நிற்கும் ஊர்களிலேயே கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கடலோரக் குடும்பத்துப் பிள்ளைகள். சில நாள் பயிற்சியும் நியாயமான சம்பளமும் கொடுத்து, கோடைதோறும் அவர்களை வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். வருகிறவர்கள் விவரம் தெரிந்து திரும்புவார்கள். தங்கள் ஊரின் வரலாற்றைத் தாங்களே சொல்லும் இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் உருவாவார்கள். அதற்கு ஆகும் செலவு, ஒரு பூங்கா அமைக்கும் செலவைவிட நிச்சயம் குறைவு.