கணக்கின் பிரதி எங்கே? சாவி யாரிடம்?

நமது வர்த்தகர்களில் பலர் கடன் கொப்பியை மூடிவிட்டு கணனிக்கு மாறிவிட்டனர். அந்தக் கணனி பழுதடைந்தால் வரவேண்டியது மட்டுமல்ல, கொடுக்க வேண்டியதும் தெரியாமல் போகும். இதனைப் பலர் சிந்திப்பதில்லை.

இது சிறு கடைகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேமிப்பகம் கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அக்காலப் பகுதிக்கான பிரதி இருக்கவில்லை என்பதே காரணம்.

எனவே மூன்று பிரதிகள் அவசியம்: ஒன்று கணனியில், மற்றொன்று வெளி வன்தட்டில், மூன்றாவது வேறோர் இடத்தில். வன்தட்டை எந்நேரமும் செருகி வைத்தால் வைரஸ் அதனையும் விட்டுவைக்காது. பிரதி எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது பிரதிக்கு இணையச் சேமிப்பகம் வசதியானது. ஆனால் இலவசமா என்று கேட்கும் முன்னர், சாவி யாரிடம் என்று கேளுங்கள். கூகுள் ட்ரைவ் கோப்புகளைப் பூட்டித்தான் வைக்கிறது. எனினும் சாதாரண கணக்குகளில் சாவி நிறுவனத்திடமே இருக்கும். புரோட்டன் ட்ரைவ் போன்றவற்றில் சாவி உங்களுடையது. கடவுச்சொல்லையும் மீட்புச் சொற்றொடரையும் தொலைத்தால் அந்நிறுவனத்தாலும் பழைய கோப்புகளைத் திறந்துதர முடியாது. ஆகவே அவற்றை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் தொகை என்பன நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் நமது நாட்டில் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. சாவி நம்மிடமுள்ள சேமிப்பகத்துக்குச் சிறு தொகை செலுத்துவது வீண் செலவல்ல.

மாதம் ஒருமுறையாவது பிரதியைத் திறந்து சரிபாருங்கள்.