சாட்சியைக் கூண்டில் ஏற்றும் முன்

குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் பயிரிட்ட கருணைத் தோட்டத்தை நலவாழ்வு அரசு என்ற யானை புகுந்து துவம்சம் செய்துவிட்டதாகச் சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் அழுதிருக்கிறார். அரசு கையை எடுத்துக்கொண்டால் பழைய ஈரம் மறுபடி சுரக்குமாம். அவர் தன் கட்சிக்குச் சாட்சியாக அழைத்திருப்பவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டாவது வந்திருக்கலாம்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் 1846 முதல் கஞ்சித்தொட்டி வைத்து உயிர்காத்தவர்கள் குவேக்கர்கள். 1849இல் பிரிட்டிஷ் கருவூல அதிகாரி டிரெவெல்யன் 100 பவுண்டு தருவதாகவும் பணியைத் தொடரும்படியும் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஓய்ந்துபோயிருந்தார்கள் என்பது மெய்தான். ஆனாலும் அவர்கள் சொன்ன பதில் வேறு: இத்தனை பேரைக் காப்பாற்றும் அளவுக்குப் பணம் திரட்ட அரசால் மட்டுமே முடியும். தோட்டக்காரர்களே யானையைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஐயா.

அடுத்து, கட்டுரையாளர் உச்சிமுகரும் ஜோசப் ரவுண்ட்ரீ. இங்கிலாந்தின் யார்க் நகரத்துக் குவேக்கர், சாக்லேட் முதலாளி. 1904இல் தன் அறக்கட்டளைகளைத் தொடங்கியபோது எழுதிய குறிப்பில் அவர் நொந்துகொண்டது இதைத்தான்: கஞ்சித்தொட்டிக்குக் காசு தாராளமாக வருகிறது, வறுமைக்குக் காரணம் தேடும் ஆய்வுக்கு வருவதில்லை. கட்டுரையாளர் அந்தக் கஞ்சித்தொட்டியையே கோயிலாக்கிக் கும்பிடுகிறார்.

மகன் சீபோம் அந்தக் காரணத்தை வீடுவீடாகத் தேடினார். 1899இல் யார்க்கில் நடந்த கணக்கெடுப்பு, 1901இல் நூலாக வந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உயிரோடிருக்க வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ். அதில் செய்தித்தாளுக்கோ தபால்தலைக்கோ ஒரு பென்னி கிடையாது. ஊரில் மொத்தம் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் இருந்தார்கள். அவர்களுள், இப்படி இறுக்கிப் போட்ட வருமானக் கோட்டுக்கே கீழே கிடந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டில் சம்பாதிப்பவருக்கு நிரந்தர வேலை இருந்தது. கூலிதான் போதவில்லை. குடித்துக் கெட்டான், சோம்பித் திரிந்தான் என்ற பழைய பாட்டு அங்கே அடங்கியிருக்க வேண்டும்.

அடங்கவில்லை. 1869இல் லண்டனில் பிறந்த அறநிறுவன ஒழுங்கமைப்புச் சங்கம் ‘தகுதியுள்ள ஏழை’, ‘தகுதியற்ற ஏழை’ என்று சலித்துப் பிரித்தது. அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்தை எதிர்த்தது. அதன் முக்கியப் புள்ளியான ஹெலன் போசன்கெட் சீபோமின் கணக்கையே தாக்கினார். கட்டுரையாளர் ‘குவேக்கர் அறம்’ என்று பெயர் ஒட்டி விற்பது இந்தச் சங்கத்தின் சரக்கு.

குவேக்கர்களைத் திட்ட வேண்டுமென்றால் காரணம் உண்டு. பிலடெல்ஃபியாவில் 1829இல் திறந்த சிறையில் கைதிகளைத் தனிமையில் அடைத்து மனந்திருத்தப் பார்த்த யோசனையில் அவர்களின் பங்கு பெரிது. அந்தக் கொடுமையைப் பற்றி நம் அன்பர் மூச்சு விடவில்லை.

அவர் வில்லனாக நிறுத்துவது பிரிட்டனின் நலவாழ்வு அரசுக்கு வித்திட்ட 1942இன் பெவரிட்ஜ் அறிக்கையை. ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட பெவரிட்ஜ் ஆலோசனை கேட்டவர்களில், எழுபதைத் தாண்டிய ஒரு சாக்லேட் முதலாளியும் இருந்தார். பெயர் சீபோம் ரவுண்ட்ரீ.