அழிக்க மறந்த முகவரி

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில், ஒரு கிடங்கின் 7-ஆம் மேடையில் நின்ற லாரி சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அதன் குறிப்பை யாரும் அடிக்கவில்லை. அதே மேடைக்கு வேறொரு லாரி வருகிறது. பழைய குறிப்பை நம்புபவர் புதிய லாரியின் சரக்கையல்லவா இறக்கிவிடுவார்!

கணிப்பொறியிலும் இத்தொல்லை உண்டு. வட்டில் எழுதவோ படிக்கவோ எழும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இயக்க முறைமை ஓர் எண் தருகிறது. அக்கோரிக்கை நினைவகத்தில் இருக்கும் முகவரியை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இம்முகவரிக்குச் 'சுட்டி' என்று பெயர். வேலை முடிந்து அந்த இடம் வேறொன்றுக்குப் போன பின்னும் பழைய சுட்டி நீடித்தால் ஆபத்துதான். அதைப் பின்பற்றிச் சென்றால் பிற தகவல் கெடலாம், கணிப்பொறியே நின்றுபோகலாம்.

லினக்ஸில் இக்குறை இருந்தது. நினைவிடத்தை விடுவிக்குமுன் பழைய சுட்டிகளைத் துடைக்கும் திருத்தம் 2021-இல் சேர்க்கப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயக்க முறைமைக்கும் லினக்ஸே அடிப்படை. ஆகவே இது நமக்கு அயல்செய்தியன்று.

இத்தகைய பிழை எப்போதோ ஒரு நொடியில்தான் வெளிப்படும். நூறு முறை சரியாக ஓடிய நிரலிலும் ஒளிந்திருக்கும். எனவே, விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண் என்னும் வழக்கம் போதாது என்பேன். ஆய்வுக்கூடத்தில் மின்சுற்றைப் பிரித்து வைத்த பின்னரே சோதனை முடிந்ததாகக் கொள்கிறோம். மாணவர்களே, நிரலுக்கும் அதே விதி வேண்டும்: எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்த பின் அதன் முகவரியையும் அழித்துவிடுங்கள்.