கடன் இருக்கிறது, கூடம் எங்கே?

கைவினைஞர்களுக்கு இது கடன் காலம். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ‘பிஎம் விஸ்வகர்மா’ திட்டத்தில் 18 தொழில்களைச் சேர்ந்தவர்களுக்கு முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் ரூபாய் என்று 5% வட்டியில் பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் தனி. குலத்தொழிலை நிலைநிறுத்தும் திட்டம் என்று அதை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் தன் பங்குக்குக் ‘கலைஞர் கைவினைத் திட்ட’த்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25% மானியம். மானியத்தின் உச்சவரம்பு 50,000 ரூபாய். அங்கே 18 வயது நிரம்பினால் போதும். இங்கே 35 ஆக வேண்டும். படிக்க வேண்டிய வயதில் பிள்ளையை அப்பாவின் பட்டறைக்குள் தள்ளிவிடக் கூடாது என்ற மாநில அரசின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், முட்டிக்கொள்ளும் இந்த இரண்டு திட்டங்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டின் கண்ணுக்கும் கைவினைஞர் ஒரு தனி ஆள். விண்ணப்பம் தனி, கடன் தனி, தவணை கட்டும் கவலையும் தனி. செய்த பொருளின் தரத்தை யார் சொல்வது, விலையை யார் வைப்பது, எங்கே காட்சிக்கு வைப்பது, அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுத்தருவது என்ற கேள்விகளுக்குத் தனி ஆளிடம் பதில் இருக்காது. அவற்றுக்கு ஓர் அமைப்பு வேண்டும். அதுவும் செய்கிறவர்கள் கையிலேயே இருக்கும் அமைப்பு. உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் அறுபது ஆண்டுகளாக ஒன்று இருக்கிறது.

பத்திக் வாங்கித் தந்த நிலம்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடற்கரை, சவுக்குத் தோப்பு, ஓவியர்களின் சுதந்திர வாழ்க்கை என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதன் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியதோ அதில்தான் இருக்கிறது.

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு 1957-ல் கே.சி.எஸ்.பணிக்கர் முதல்வரானார். அவரிடம் படித்து வெளியே வந்த இளைஞர்களின் ஓவியங்களை வாங்க அன்றைய சென்னையில் ஆளில்லை. விளம்பர நிறுவனங்கள், நெசவாளர் சேவை மையம் என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். பகலெல்லாம் அங்கே உழைத்துவிட்டு வந்து இரவில் தூரிகை எடுக்கத் தெம்பிருக்காது. பணிக்கர் சொன்ன வழி எளிமையானது. ஓவியம் விற்கவில்லை என்றால் விற்கக்கூடிய பொருளை அதே கையால் செய்யுங்கள். ஆளாளுக்கு அலையாமல் சேர்ந்து விற்பனை செய்யுங்கள். இப்படித்தான் 1960-களின் முற்பகுதியில் ஓவியர்களின் கைவினைச் சங்கம் உருவானது. தோல் வேலை, சுடுமண், உலோக வேலை என்று பலவற்றை முயன்றார்கள். கைகொடுத்தது பத்திக்.

பத்திக் சோம்பேறிக்கு வராத வேலை. துணியில் எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவ வேண்டும். முதலில் வெளிர் நிறத்தில் முக்கிக் காயவைத்து, அந்த நிறம் நிலைக்க வேண்டிய இடங்களுக்கு மறுபடி மெழுகு பூசி, அடுத்த அடர் நிறத்தில் முக்க வேண்டும். நிறம் கூடக்கூட வேலை இரட்டிக்கும். சூடு ஆறிய மெழுகு துணி மடங்கும்போது விரிசல் விடும். அதன் வழியே சாயம் நுழைந்து மெல்லிய கோடுகளாகப் படியும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றும்போதுதான் முழு வடிவமும் தெரியும். கோடு போடத் தெரிந்த ஓவியர்களின் கையில் இந்தத் துணிகள் வேறு தரத்தில் வந்தன. படம் வாங்கத் தயங்கியவர்கள் துணியை வாங்கினார்கள்.

அந்த வருமானத்தைப் பங்குபோட்டுச் செலவழித்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். 1966-ல் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். நகரத்துக்கு வெளியே, அன்றைக்கு யாரும் சீந்தாத மணல்காடு. அரசு ஒதுக்கியதோ செல்வந்தர் எழுதிவைத்ததோ அல்ல. உறுப்பினர்கள் அவரவர் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பட்டறையும் காட்சிக்கூடமும் பொதுவில் இருந்தன. 1977-ல் பணிக்கர் மறைந்த பிறகும் கிராமம் கலையவில்லை. 2009-ல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள். தலைவர் போனதும் சங்கம் படுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். இங்கே அப்படி ஆகாததற்கு முதல் காரணம், பொதுச் சொத்து.

கைவேலை கற்றுத்தந்த கலை

வயிற்றுப்பாட்டுக்காக எடுத்துக்கொண்ட கைவேலை, கலையின் போக்கையே மாற்றியது. கோயில் சிலைகளுக்குத் தகடு தட்டிக் கவசம் சாத்தும் மரபை பி.வி.ஜானகிராம் நவீனச் சிற்பமாக்கினார். செப்புத் தகட்டை அடித்து வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்து அவர் செய்த உருவங்களுக்கு முன்புறம் மட்டும்தான் உண்டு. கருவறைக்கு எதிரே நிற்கும் பக்தரைப் போல நேர் எதிரே நின்றுதான் அவற்றைப் பார்க்க முடியும். பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபால் அதே பாதையில் செம்பு, பித்தளை, எனாமல் என்று மேலும் சென்றார். மேற்கத்திய நவீனத்தை நகலெடுக்காமல் சென்னைக்கென்று ஒரு முகம் கிடைத்ததில், இந்தப் பட்டறைப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘நுண்கலை’ ஒரு படி மேல், ‘கைவினை’ ஒரு படி கீழ் என்ற பாகுபாட்டை அவர்கள் வேலையிலேயே உடைத்தார்கள்.

வேலையில் உடைந்த பாகுபாடு வாசலில் உடைந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோழமண்டலத்தில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். கவசத் தகடு தட்டுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கன்னார்களும் ஸ்தபதிகளும் அங்கே உறுப்பினர்களாக உட்காரவில்லை. அவர்களுடைய நுட்பம் உள்ளே போனது. ஆட்கள் வெளியிலேயே நின்றார்கள். ஓவியச் சந்தை சூடுபிடித்ததும் ஓவியர்களுக்குக் கைவினையைத் தொடரும் தேவையும் குறைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இன்றைய நில விலையில், இளம் கலைஞர் ஒருவர் அங்கே மனை வாங்கிக் குடியேறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஒரு தலைமுறை தனக்கென்று கட்டிய வீடாக அது நின்றுவிட்டது.

மலைநாட்டில் நடந்தது

இந்தக் குறை இல்லாமல் ஓர் அமைப்பைக் கட்ட முடியுமா? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 1930-ல் உருவான ‘சதர்ன் ஹைலேண்ட் கிராஃப்ட் கில்ட்’ முயன்று பார்த்தது. ஒன்பது மாநிலங்களின் மலைமாவட்டங்களில் நெசவு, மரவேலை, மண்பாண்டம், கூடை முடைதல் செய்கிறவர்களின் சங்கம் அது. சமயப் பணிக்காக அந்த மலைக்கு வந்த பிரான்சிஸ் குட்ரிச் என்ற பெண்மணி, மலைப்பெண்களின் நெசவுத் துணிகளை விற்க ஆஷ்வில் நகரில் ஒரு கடை நடத்திவந்தார். அந்தக் கடையை 1931-ல் அப்படியே சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார். சங்கம் பிறந்த மறுவருடமே அதற்குச் சொந்தக் கடை கிடைத்துவிட்டது. 1948-ல் சந்தை தொடங்கியது. 1980-ல் ஆஷ்வில் அருகே காட்சிக்கூடம், நூலகம், விற்பனையகம் எல்லாம் சேர்ந்த மையம் திறந்தது.

அந்தச் சங்கத்தின் உயிர்நாடி, உறுப்பினர் தேர்வு. விண்ணப்பிப்பவர் முதலில் தன் வேலையின் படங்களை அனுப்ப வேண்டும். அதில் தேறினால் பொருள்களையே கொண்டுவந்து வைக்க வேண்டும். இன்ன குடும்பம், இன்ன ஊர் வழிவந்தவர் என்று பார்ப்பதில்லை. பார்ப்பது தையலையும் பொருத்தையும் மெருகையும்தான். இதற்கும் விமர்சனம் உண்டு. எது ‘அசல்’ மலைக்கலை என்பதை ஆரம்பக் காலத்தில் தீர்மானித்தவர்கள் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள்தான். தங்கள் ரசனைக்கேற்ற ஒரு மரபை அவர்கள் மலைமக்கள் மேல் ஏற்றிவைத்தார்கள் என்று டேவிட் விஸ்னன்ட் 1983-ல் வெளியான தன் நூலில் வாதிட்டார். தேர்வுக்குழு என்ற ஒன்று இருப்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அதில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம்.

முத்திரை மட்டும் போதாது

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்மிடம் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. 1973-லிருந்து அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், ‘பூம்புகார்’ கடைகள் வழியே கைவினைப் பொருள்களை விற்றுவருகிறது. கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. சுவாமிமலை செப்புத் திருமேனி, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய், தோடர் பூவேலை, மாமல்லபுரம் கற்சிற்பம் என்று புவிசார் குறியீடு பெற்றவற்றின் பட்டியலும் நீளம்.

சுவாமிமலையை எடுத்துக்கொள்வோம். தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு குறித்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்த்த பின் கூட்டை உடைத்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பிறகு உளியும் அரமும் கொண்டு நகையும் மடிப்பும் கண்ணும் திறக்கும் வேலை வாரக்கணக்கில் நீளும். பக்கத்திலேயே, அச்சில் நகலெடுத்து அவசரமாக மெருகேற்றிய பொம்மையும் அதே பெயரில், பாதி விலைக்கு நிற்கும். வாங்க வருபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். கடை மேசையில் இது நல்ல வேலை, இது மட்டமான வேலை என்று சொல்லாது. சில பொருள்களுக்கு அந்தக் குறியீட்டைக் கேட்டு விண்ணப்பித்ததே அரசுக் கழகம்தான். 1999-ம் ஆண்டுச் சட்டப்படி கைவினைஞர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். அவருக்குப் படிவம் நிரப்பிக்கொடுக்கவும் சக வேலையாள் ஒருவர் தரம் பார்த்துச் சொல்லவும் அங்கே ஓர் அமைப்பு வேண்டாமா?

அரசுக் கழகம் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது அதிகாரிகள் மேல் உள்ள குறை அல்ல. கொள்முதல் செய்கிறவரே தரத்தையும் விலையையும் தீர்மானித்தால், விற்கிறவருக்குக் குரல் இருக்காது. உழவருக்கு விதை கொடுத்துவிட்டு எடைக்கல்லை வியாபாரியிடம் கொடுத்த கதையாகத்தான் முடியும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 200 பேருக்கு உச்சவரம்பு மானியம் கொடுத்தால் அரசுக்கு ஆகும் செலவு 1 கோடி ரூபாய். கடனையும் மானியத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஒரு கோடியைச் சுவாமிமலை, பத்தமடை போன்ற ஒரே ஒரு வட்டாரத்தில் ஒரு பொதுக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பட்டறை, காட்சி அறை, விற்பனை மேசை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். ஆனால், மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். உறுப்பினர் தன் பங்கை விற்கவோ வாரிசுக்கு எழுதிவைக்கவோ முடியாதபடி விதி வேண்டும். சோழமண்டலத்தில் இளையவர்களுக்குக் கதவு குறுகிப்போனதிலிருந்து கற்க வேண்டிய பாடம் இது. இரண்டாவது, உறுப்பினர் தேர்வு வேலையை வைத்துத்தான். சாதியும் சான்றிதழும் கேட்காமல், ஸ்தபதி வீட்டுப் பிள்ளையையும் கல்லூரியில் சிற்பம் படித்த பெண்ணையும் ஒரே மேசையில் மதிப்பிட வேண்டும். குலத்தொழில் என்ற குற்றச்சாட்டுக்கு வயது வரம்பைவிட உறுதியான பதில் இதுதான். மூன்றாவது, தேர்வுக்குழுவிலும் விலைக்குழுவிலும் பெரும்பான்மை செய்கிறவர்களுக்கு. அதிகாரிக்கு ஓர் இருக்கை போதும்.

அரசு தானாக இறங்கிவந்து இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கைவினைத் திட்டத்தின் விதிமுறைகள் அடுத்த முறை திருத்தப்படும்போது ‘சங்கங்களுக்கான பொதுக்கூட நிதி’ என்று ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்லிக் கைவினைஞர்கள் மாவட்டந்தோறும் கேட்க வேண்டும். தனித்தனியாக மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு, சேர்ந்து கொடுக்கும் அந்த முதல் மனுவே சங்கத்தின் முதல் கூட்டமாகவும் அமையும்.