தனிக் கப்பும் ஒரே கிண்ணமும்

"கன புத்தகம் வாசிச்சா விசுவாசம் குறைஞ்சிடும் பிள்ளை. பைபிள் இருக்குத்தானே, அது காணாதா?"

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சேர்ச்சுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிசில்லை. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேறு புத்தகங்களை வாசிக்காவிட்டால் பைபிளையே பாதிதான் வாசிப்போம் என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழ்நாட்டில் வெளிவந்தது. ஒரு தலித் கத்தோலிக்கப் பெண் தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கேயும் பணத்துக்கும் சாதிக்கும்தான் மதிப்பு என்று கண்டு வெளியே வருகிறார். அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் அவருடைய பாட்டி பற்றியது. பாட்டி வேலை செய்கிற நாயக்கர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால், வீட்டுக்காரம்மா உயரத்தில் பிடித்து ஊற்றுவார். பாட்டி இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடிப்பார்.

அது இந்தியாக் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். காலி வீதிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஃபிளாட்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையகத்தில் இருந்து வேலைக்கு வந்த அக்காமாருக்கு எத்தனை வீடுகளில் தனிக் கப், தனிப் பிளேட்? யாரும் அதைச் சாதி என்று சொல்வதில்லை. 'சுத்தம்' என்று சொல்வோம், 'அவவுக்கே அதுதான் விருப்பம்' என்றும் சொல்வோம். ஞாயிறு காலையில் அந்த அக்கா குசினியில் நிற்க, வீட்டுக்காரர் பூசைக்குப் போவார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே அப்பம், ஒரே கிண்ணம்.

'கருக்கு' வாசித்துவிட்டு 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தகுதியில்லாமல் நற்கருணை வாங்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதில்தான் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்தாயா, நேரத்துக்கு வந்தாயா, ஒழுங்கான உடுப்புப் போட்டாயா என்றுதான் அதை எங்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் உள்ள வசனங்களில் பவுல் கோபப்படுவது சாப்பாட்டைப் பற்றி. கொரிந்துவில் கூடி வந்தவர்களில் சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு நிறைந்துபோக, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். 'தகுதியில்லாமல்' என்ற சொல் அந்தக் கோபத்துக்குள் இருந்துதான் வருகிறது. இது பைபிளில் எப்போதும் இருந்ததுதான். அதைக் காணும் கண்ணை ஒரு நாயக்கர் வீட்டு வாசலில் நின்ற பாட்டி தருகிறார்.

இன்னும் கிட்ட வரவேண்டும் என்றால் எங்கள் கே. டானியல் இருக்கிறார். அவருடைய 'கானல்' நாவலில் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்கள் சாதியில் இருந்து தப்பலாம் என்று வேதத்துக்கு வருகிறார்கள். சாதியும் பின்னாலேயே கோயிலுக்குள் வருகிறது. தலைப்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சரி, இப்படி வாசித்தால் ஆட்கள் சபையை விட்டே போய்விட மாட்டார்களா? நியாயமான பயம்தான். ஆனால் பைபிளை மட்டும் வாசித்தால் அந்த ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். எங்களில் பலரை விட அதை ஆழமாக வாசித்தவர். கடைசிவரை சைவராகவே இருந்தார். 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதியபோது பைபிளில் இருந்தே பாதிரிமாருக்குப் பதில் சொன்னார். மறுபக்கம், வைணவராகப் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு ஜோன் பனியனின் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். வாசிப்பு யாரை எங்கே கொண்டுபோகும் என்று ஒருவராலும் உத்தரவாதம் தரமுடியாது. பாமாவும் மடத்தை விட்டார். ஆனால் அவர் எழுதியதில் ஏழைகளின் பக்கம் நிற்கிற இயேசுவை விடவில்லை.

எனக்கு இருக்கிற பயம் வேறு. 'கருக்கு' வாசித்து, கண் கலங்கி, அட்டைப்படத்தை இன்ஸ்டாவில் போட்டுவிட்டு, அந்தத் தனிக் கப்பிலேயே அக்காவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வாசிப்பும் இருக்கிறது. கம்பஸில் படிக்கிற எங்களுக்கு இது மிகச் சுகமான பாவம். நிறைய வாசித்தவர் என்ற பெயர் கிடைக்கும், வீட்டில் ஒன்றும் மாறாது.

பனைமட்டைக்கு இரண்டு பக்கமும் கருக்கு. பாமா தன் தலைப்பை விளக்கும்போது அதையும் எபிரெயரில் வருகிற இருபுறமும் கூரான வாளையும் சேர்த்தே நினைக்கிறார். மட்டையைப் பிடிக்கிறவன் கையையும் அது கீறும். வாசிப்பும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால் எங்கள் இளைஞர் ஒன்றியங்களுக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு கூட்டத்தில் பைபிளில் ஒரு அதிகாரத்தையும் வேறு ஒரு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதையுங்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, காலி வீதியில் பூபாலசிங்கம் இருக்கிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் குசினி அலுமாரியைத் திறந்து, தனியாக இருக்கிற கப்பை எடுத்து மற்றக் கப்புகளோடு வையுங்கள். அம்மா ஏன் என்று கேட்பா. அங்கே தொடங்கட்டும் உங்கள் பிரசங்கம்.