முதுமைக்குத் தேவை நாலு பழகிய முகங்கள்

வயது ஏறினால் மனமும் வாடும் என்று நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் வேறு சொல்கின்றன: முதியவர்கள் நெருக்கமான சிலரோடு மட்டும் பழகுகிறார்கள், அதில் நிறைவும் காண்கிறார்கள்.

நம்மிடம் சிக்கலே அந்தச் 'சிலர்'தான். ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் பலர், பிள்ளைகளோடு தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இன்று எந்த ஊரிலோ! வீட்டில் தொலைக்காட்சி உண்டு, பேச்சுத்துணை இல்லை.

2018 தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. அரசின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் நல்ல முயற்சிதான். கார் ஓட்டத் தெரியாத பாட்டி அங்கே எப்படிப் போவார்? திருவிழாவுக்கு வேன் பிடிக்கும் ஆலய நிர்வாகங்கள், மாதம் ஒரு ஞாயிறு பழைய தோட்டத்தாரை ஒன்றுசேர்க்கலாமே.