பத்து நாளில் பாட்டு வராது

என்னிடம் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "டீச்சர், ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. நாற்பது பிள்ளைங்க சேர்ந்து பாடணும்னு எச்.எம். சொல்லிட்டாங்க. எப்படிப் பழக்கறது?"

"பத்து நாளில் முடியாதும்மா. இந்த வருஷம் தெரிந்த பாட்டையே பாட வை. அடுத்த ஜூனுக்கு இப்போதே திட்டம் போடுவோம்" என்றேன். அவளிடம் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நம் பள்ளிகளில் சேர்ந்திசை என்பது விழாக்காலக் காய்ச்சல். கடைசி நாட்களில் தினம் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துப் பாடச் சொல்வோம். தொண்டை கட்டிக்கொள்ளும். சுருதி சேராத பிள்ளையைச் சரிசெய்ய நேரம் இருக்காது. உடனே ஒரு குறுக்கு வழி: "நீ வாயை மட்டும் அசை."

நானும் சொல்லியிருக்கிறேன், ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணிடம். பல வருடம் கழித்து அவள் தன் மகளைச் சேர்க்க அதே பள்ளிக்கு வந்தாள். "பாட்டுக் குழுவில் சேர்கிறாயா?" என்று குழந்தையைக் கேட்டேன். அது வாய் திறக்கும் முன் தாய் சொன்னாள்: "எங்களுக்கெல்லாம் பாட்டு வராது டீச்சர்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் பயிற்சியை வாரம் ஒரு நாள், 40 நிமிடம் என்று வருடம் முழுக்க வைத்தேன். மாலையில் வைத்தால் பஸ்ஸில் போகும் பிள்ளைகள் விடுபட்டுப் போவார்கள். ஆகவே பள்ளி நேரத்துக்குள்ளேயே.

முதல் 5 நிமிடம்: தோளைத் தளர்த்தி, நிதானமாக மூச்சு இழுத்து விடுவது.

அடுத்த 5: வாயை மூடி 'ம்' என்று சுருதியோடு சேர்வது.

அடுத்த 15: புதுப் பாட்டு. இரண்டு வரி போதும். முதலில் கேட்கட்டும், பிறகு பாடட்டும்.

அடுத்த 10: பழைய பாட்டு. பாதிப் பேர் பாட, மீதிப் பேர் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தால்தான் சேர்ந்து பாட வரும்.

கடைசி 5: பிள்ளைகள் விரும்பும் பாட்டு. சினிமாப் பாட்டு என்றாலும் சரி. அதற்காகவே அடுத்த வாரம் ஓடி வருவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. சுருதியைப் பிள்ளைகளின் குரலுக்கு வையுங்கள், உங்கள் குரலுக்கு அல்ல. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைந்தால் வெளியே அனுப்பாதீர்கள். தாழ்ந்த இடங்களை அவர்களுக்குக் கொடுங்கள்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தில்தான். 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, விழாக்களில் ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்விட்டுப் பாட வேண்டும் என்றது. 55 விநாடிப் பாட்டு, மோகன ராகம், ஐந்தே ஸ்வரம். இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

"போர்ஷன் முடியலை, பாட்டு பீரியடைக் கடன் கொடுங்க" என்று கணக்கு சார் வருவார். என் அனுபவத்தில் கடன் போன பீரியட் திரும்பி வந்ததில்லை. அவருக்குக் கணக்கிலேயே பதில் சொல்லுங்கள். வாரம் 40 நிமிடம், 30 வாரம் என்றால் 20 மணி நேரம். தினம் இரண்டு மணி, பத்து நாள் என்றாலும் அதே 20 மணி நேரம்தான். கூடுதலாக ஒரு நிமிடமும் கேட்கவில்லை. பிரித்துக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தையை அந்த வருடமே குழுவில் சேர்த்தேன். ஆகஸ்ட் வரை சுருதியை விட்டு விலகித்தான் பாடினாள். யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து வந்த சில வாரங்களில் சேர்ந்துவிட்டாள். மந்திரம் ஒன்றும் இல்லை. காத்திருக்க நேரம் இருந்தது.

அவள் அம்மாவுக்கும் அந்த நேரத்தை அன்று நான் கொடுத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அம்மா, தப்பு உன் குரலில் இல்லை. என் திட்டத்தில் இருந்தது.

ஆசிரியர் நண்பர்களே, ஜூன் மாத டைம்டேபிள் போடும்போது அந்த 40 நிமிடத்தை முதலில் எழுதிவிடுங்கள்.